ஆடு வளர்த்த பையன் ஹார்வர்டில் சேர்ந்தான்!

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, நூறு மைலுக்கு அப்பால் ஒரு மலைப்பகுதி. அங்கே பூன்வில் என்று ஒரு சிற்றூர்.

அந்த ஊருக்குப் பக்கத்து மலையில் ஒரு பையன் ஆடு வளர்த்தான். குட்டிகளைப் பேணினான். தகப்பனாரோடு சேர்ந்து வீடு கட்டும் வேலை செய்தான். இரவில் புத்தகம் படித்தான்.

ஆனால், மற்றப் பிள்ளைகளைப் போல அவன் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை!

1983-ம் ஆண்டு அந்தப் பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எந்தக் கல்லூரி தெரியுமா? ஹார்வர்டு!

1636-ல் தொடங்கிய கல்லூரி அது. அமெரிக்காவிலேயே மிகப் பழமையானது. பெரிய பெரிய பள்ளிக்கூடங்களில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் கூட இடம் கிடைக்காமல் திரும்பும் இடம்.

"ஆடு வளர்த்த பையனா? பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் இல்லாமலா?" என்று அமெரிக்கா மூக்கின் மேல் விரலை வைத்தது. பத்திரிகைக்காரர்கள் மலையைத் தேடிப் போனார்கள்.

அந்தப் பையனின் பெயர் கிராண்ட் கோல்பாக்ஸ்.

பேராசிரியர் மலை ஏறினார்

கிராண்டின் தகப்பனார் டேவிட் கோல்பாக்ஸ். செயின்ட் லூயி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். தாயார் மிக்கியும் ஆசிரியை.

1973-ம் ஆண்டு அவர்கள் நகரத்து வாழ்க்கையை விட்டார்கள். பூன்வில் அருகே 47 ஏக்கர் மலை நிலம் வாங்கினார்கள். காடு திருத்தினார்கள். தங்கள் கையாலேயே வீடு கட்டினார்கள்.

அவர்களுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவன் கிராண்ட். அடுத்தவன் டிரூ. ரீட், கார்த் ஆகிய இருவரும் தத்துப் பிள்ளைகள்.

நான்கு பேருக்கும் வீட்டிலேயே படிப்பு. தாயும் தந்தையும்தான் வாத்தியார்கள்.

வீடு கட்டும்போது கூரைக்கு மரம் அறுக்கவேண்டும். எந்தக் கோணத்தில் அறுப்பது? அஸ்திவாரத்தின் மூலை சரியாக இருக்கிறதா? அதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டும். கோணமும் சதுரமும் அவர்களுக்குக் காகிதத்தில் இல்லை. மரத்தில் இருந்தது!

ஆட்டுக்குட்டி பிறக்கிறது. தாயின் நிறம் ஒன்று, குட்டியின் நிறம் ஒன்று. நல்ல பால் கறக்கும் ஆட்டின் குட்டியும் நன்றாகக் கறக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் உயிரியல் படிக்கவேண்டும். பரம்பரைக் குணம் பற்றிய விஞ்ஞானம் படிக்கவேண்டும்.

தோட்டம் போட்டால் மண்ணைப் பற்றிப் படிக்கவேண்டும். அந்த நிலத்தில் முன்பு செவ்விந்தியர் வாழ்ந்த தடயங்கள் இருந்தன. அதைப் பார்த்தால் சரித்திரம் படிக்கவேண்டும்.

வேலையிலிருந்து கேள்வி பிறந்தது. கேள்வி புத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. இதுதான் கோல்பாக்ஸ் வீட்டுப் பள்ளிக்கூடம்.

கல்லூரி கேட்டது என்ன?

பிள்ளை படித்துவிட்டான். சரி. ஆனால், படித்தான் என்பதற்கு அத்தாட்சி?

கல்லூரிக்காரர்கள் மலை ஏறி வந்து ஆட்டைப் பார்க்கமாட்டார்கள். அவர்கள் கேட்பது காகிதம். நான்கு வருஷ மார்க் பட்டியல் எங்கே? வகுப்பில் எத்தனையாவது இடம்? தலைமை ஆசிரியரின் கடிதம் எங்கே?

கிராண்டுக்கு வகுப்பே கிடையாது. பிறகு எத்தனையாவது இடம் என்று எழுதுவது?

அவன் காட்டக்கூடியது வேறு. தான் படித்தது என்ன, செய்தது என்ன, யோசித்தது என்ன என்பதைத்தான் அவன் காட்டமுடியும். ஹார்வர்டு அதைப் பார்த்தது. "உள்ளே வா" என்றது.

இது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால், தம்பி டிரூவுக்கும் ஹார்வர்டில் இடம் கிடைத்தது. அடுத்து ரீடுக்கும் கிடைத்தது! ஒரே மலைவீட்டிலிருந்து மூன்று பேர்.

பெற்றோர்கள் தங்கள் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நினைத்த ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் அதை வாங்கிப் படித்தார்கள்.

கிராண்ட் என்ன ஆனார்? 1987-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார். 1993-ல் அங்கேயே டாக்டர் பட்டமும் வாங்கினார். எய்ட்ஸ் நோயைத் தடுக்கும் வேலையில் இறங்கினார். 2012-ல் அமெரிக்க ஜனாதிபதி மாளிகையில் எய்ட்ஸ் ஒழிப்புக் கொள்கை அலுவலகத்துக்குத் தலைவரானார். 2019-ல் சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் சுகாதார டைரக்டர் ஆனார். மறு வருஷமே கொரோனா வந்தது. ஒரு மாநகரத்தின் உயிரைக் காக்கும் பொறுப்பு அந்தப் பழைய ஆட்டுக்காரப் பையனின் தோளில் விழுந்தது!

தம்பி ரீட் வக்கீல் ஆனார். சம உரிமை வழக்குகள் நடத்திப் பெயர் எடுத்தார்.

காக்கைக்கும் தன் குஞ்சு!

கிராண்ட் காலத்தில் இது அதிசயம். இன்று அப்படி இல்லை.

அப்போது அமெரிக்காவின் பல மாநிலங்களில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத பெற்றோர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். சட்டம் மெல்ல மெல்ல மாறியது. 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுப் படிப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 2019-ம் ஆண்டு அரசாங்கக் கணக்குப்படி, சுமார் 15 இலட்சம் பிள்ளைகள் அங்கே வீட்டில் படித்தார்கள்.

இத்தனை பேர் மனுப் போடும்போது கல்லூரிகளும் அதற்கு ஒரு முறை வகுக்கவேண்டும் அல்லவா? வகுத்திருக்கின்றன.

அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே பொது விண்ணப்பம் உண்டு. 1975-ல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது. அதில் மாணவன் எழுதவேண்டிய பகுதி ஒன்று. பள்ளிக்கூடம் எழுதவேண்டிய பகுதி ஒன்று.

வீட்டில் படித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? அந்தப் பகுதியைத் தாயாரோ தகப்பனாரோ எழுதலாம். வீட்டில் ஏன் படிக்க வைத்தீர்கள்? என்ன பாடம் நடத்தினீர்கள்? எப்படி மார்க் போட்டீர்கள்? எல்லாவற்றுக்கும் அவர்களே பதில் சொல்லவேண்டும். மார்க் பட்டியலையும் அவர்களே தயாரிக்கவேண்டும். மகனுக்குத் தாயே தலைமை ஆசிரியை!

இங்கேதான் சிக்கல்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பெற்ற தாய் போடும் மார்க் எப்படி இருக்கும்? நூற்றுக்கு நூறுதான்! அதை யார் நம்புவார்கள்?

கல்லூரிக்காரர்களுக்கு இது தெரியும். ஆகவே, வீட்டுக்கு வெளியே இருந்து வரும் அத்தாட்சியை அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

முதல் அத்தாட்சி, பொதுப் பரீட்சை. எஸ்.ஏ.டி. என்றும் ஏ.சி.டி. என்றும் இரண்டு பரீட்சைகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தவனும் வீட்டில் படித்தவனும் ஒரே கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுவார்கள். கொரோனா காலத்தில் பல கல்லூரிகள் இந்தப் பரீட்சையைக் கட்டாயமில்லை என்று விட்டன. பிறகு 2022-ல் எம்.ஐ.டி.யும், 2024-ல் ஹார்வர்டும் மறுபடியும் கட்டாயம் என்று அறிவித்தன. வீட்டில் படித்த பிள்ளைக்கு இது பாரம் அல்ல. தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு தராசு!

இரண்டாவது அத்தாட்சி, அண்டை அயலில் உள்ள சமுதாயக் கல்லூரி. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பதினாறு, பதினேழு வயதில் அங்கே போய் ஒன்றிரண்டு பாடம் படிக்கிறார்கள். கணக்கு ஒன்று, ரசாயனம் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் சோதனைச் சாலை இல்லாத குறையும் தீர்ந்தது. அம்மா போடாத மார்க்கும் கிடைத்தது.

மூன்றாவது அத்தாட்சி, சிபாரிசுக் கடிதம். அதைத் தாய் தகப்பன் எழுதினால் செல்லாது. பாடம் சொன்ன வெளி ஆசிரியர் எழுதலாம். வேலை கொடுத்த முதலாளி எழுதலாம். தொண்டு செய்த ஆஸ்பத்திரியின் டாக்டர் எழுதலாம். பையனை உண்மையில் அறிந்தவராக இருக்கவேண்டும்.

நான்காவது, மாணவனின் சொந்தக் கட்டுரை. இதில்தான் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த அனுபவம் எத்தனை பேருக்கு உண்டு?

அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி. ஒருபடி மேலே போகிறது. பள்ளி இறுதி சர்ட்டிபிகேட் கட்டாயம் வேண்டும் என்றே அது கேட்பதில்லை!

மும்பைப் பெண்ணின் கதை

அந்த எம்.ஐ.டி. வாசலில் 2016-ம் ஆண்டு ஒரு இந்தியப் பெண் போய் நின்றாள். பெயர் மாளவிகா ஜோஷி. வயது 17. ஊர் மும்பை.

மாளவிகா ஏழாம் வகுப்பில் இருந்தபோது தாயார் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். படிப்பை நிறுத்தவில்லை. தம் உத்தியோகத்தை விட்டுவிட்டு, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

விரும்பியதைப் படிக்கச் சுதந்தரம் கிடைத்தது. பெண் பல விஷயங்களைத் தொட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் நிரல் எழுதுவதில் மனம் நின்றது. உலகத்து மாணவர்கள் போட்டியிடும் சர்வதேசக் கம்ப்யூட்டர் ஒலிம்பியாட்டில் இந்தியாவுக்காக மூன்று பதக்கங்கள் வாங்கினாள். இரண்டு வெள்ளி, ஒன்று வெண்கலம்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு நம் நாட்டு ஐ.ஐ.டி. கதவு திறந்திருக்கவேண்டும் அல்லவா?

திறக்கவில்லை. ஐ.ஐ.டி.யில் சேர 12-ம் வகுப்புத் தேறிய சர்ட்டிபிகேட் வேண்டும். அவளிடம் 10-ம் வகுப்பு சர்ட்டிபிகேட் கூட இல்லை! விதி விதிதான்.

நம் நாட்டில் அவளுக்கு இடம் கொடுத்தது ஒரே ஒரு கல்வி நிலையம். அது எங்கே இருக்கிறது? சென்னைக்கு அருகில் சிறுசேரியில் இருக்கிறது. சென்னைக் கணிதக் கழகம்! அவள் அறிவு பட்டதாரிகளுக்குச் சமமாக இருப்பதைக் கண்டு, எம்.எஸ்சி. நிலைப் பாடங்களிலேயே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு எம்.ஐ.டி. அழைத்தது. உதவிப் பணமும் கொடுத்தது. பதக்கம்தான் அவளுக்கு சர்ட்டிபிகேட்.

டெல்லிப் பையன் வேறு வழியில் போனான்

டெல்லியைச் சேர்ந்த சஹல் கௌசிக்கும் தாயாரிடம் வீட்டில் படித்தவன்தான். ஆனால், அந்த வீட்டில் வேறு யோசனை செய்தார்கள். பாடம் வீட்டில், பரீட்சை மட்டும் பள்ளிக்கூடத்தின் மூலம். 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்புப் பரீட்சைகளை அவன் முறைப்படி எழுதித் தேறினான்.

2010-ல் ஐ.ஐ.டி. நுழைவுப் பரீட்சை எழுதினான். அகில இந்திய அளவில் 33-வது இடம்! அப்போது அவனுக்கு வயது 14. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பௌதிகம் படிக்கப் போனான்.

மாளவிகாவும் கெட்டிக்காரி. சஹலும் கெட்டிக்காரன். இருவருக்கும் வீட்டுப் படிப்புதான். ஒருவருக்கு ஐ.ஐ.டி. கதவு மூடியிருந்தது; மற்றவருக்குத் திறந்தது. வித்தியாசம் மூளையில் இல்லை. ஒரு சர்ட்டிபிகேட்டில் இருந்தது!

நம் ஊரில் வழி உண்டா?

உண்டு. "பிரைவேட்டாகப் பரீட்சை எழுதினேன்" என்று நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வயலில் வேலை பார்த்துக்கொண்டே மெட்ரிக் தேறியவர்கள் உண்டு. அந்த வழி இன்னும் அடைபடவில்லை.

மத்திய அரசாங்கம் 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியைத் தொடங்கியது. இங்கே தினசரி வகுப்பு கிடையாது. பாடப் புத்தகம் கொடுப்பார்கள். வீட்டில் படித்துப் பரீட்சை எழுதலாம். 10-ம் வகுப்புக்கு 14 வயதும், 12-ம் வகுப்புக்கு 15 வயதும் நிரம்பியிருக்கவேண்டும். இதற்கு மேல் எத்தனை வயதானாலும் எழுதலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை பொதுப் பரீட்சை நடக்கிறது.

அங்கே ஐந்து பாடங்களில் 12-ம் வகுப்புத் தேறியவர்கள் ஐ.ஐ.டி. நுழைவுப் பரீட்சையும் எழுதலாம்.

டாக்டர் படிப்பில் ஒரு தகராறு இருந்தது. திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தடுக்கும் விதி ஒன்று கோர்ட்டுக்குப் போயிற்று. 2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை முன்கூட்டியே யோசிக்கவேண்டும். அந்தக் கல்லூரியின் விதி என்ன என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இருந்துவிடக் கூடாது. பதினேழு வயதில் கதவைத் தட்டும்போது "பூட்டியிருக்கிறது" என்று தெரிந்தால் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

ஒரு நோட்டுப் புத்தகம்

வீட்டில் பாடம் சொல்வது சுலபமான காரியம் அல்ல. கிராண்டின் தகப்பனார் பேராசிரியர், தாயார் ஆசிரியை என்பதை மறந்துவிடக் கூடாது. மாளவிகாவின் தாயார் வேலையையே விட்டார். இருவரும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் இது நடக்காது. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே துணை.

ஆனால், நோயினாலோ, ஊர் விட்டு ஊர் மாறும் தொழிலினாலோ, வேறு காரணத்தினாலோ பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். "இவன் படிப்பு அவ்வளவுதான்" என்று தலையில் கை வைத்து உட்காரும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கதை.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளை எந்தப் புத்தகம் படித்தான், என்ன கணக்குப் போட்டான், என்ன செய்து பார்த்தான் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று வருஷம் கழித்து உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. பிள்ளை எழுதிய கட்டுரையை, வரைந்த படத்தை, வாங்கிய பரிசைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்கு வெளியே ஒரு ஆசிரியரிடமாவது பழக விடுங்கள். வயது வந்ததும் பொதுப் பரீட்சைக்குப் பணம் கட்டுங்கள். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டவனும் கல்லூரிக்குப் போகலாம். படிப்பை விட்டவன் போக முடியாது. படித்ததற்கு அத்தாட்சி இல்லாதவன் வாசலில் நின்று தவிப்பான்.

பூன்வில் மலையில் வளர்ந்த பையனுக்கு ஆடு மேய்த்ததற்காக ஹார்வர்டு இடம் கொடுக்கவில்லை. அந்த ஆட்டிலிருந்து அவன் என்ன படித்தான் என்பதற்காகக் கொடுத்தது!